பட்டியலில் இருந்த குரல்

என் தங்கை இறந்து ஒன்பதாவது வாரத்தில் அவள் பாடிய பாட்டு வெளியானது. நான்காம் நாள் அது தமிழ்ப் பாட்டுகளின் பட்டியலில் முதலிடத்துக்கு வந்துவிட்டது. எங்கள் வீட்டில் அதை முதலில் பார்த்தது நான்தான். பட்டியல் பார்ப்பது என் வேலையில் ஒரு பகுதி. புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு செல்போன் கடையில் ஆறு வருடமாக வேலை செய்கிறேன். வாங்க வருகிறவர்களுக்கு ஒரு ஸ்பீக்கரையோ ஹெட்செட்டையோ போட்டுக் காட்ட வேண்டுமென்றால் அன்றைக்கு ஊரே கேட்கிற பாட்டைத்தான் போட வேண்டும். பழைய பாட்டைப் போட்டால் ஸ்பீக்கரும் பழசு மாதிரித் தெரியும் என்பார் முதலாளி. அதனால் காலையில் ஷட்டரைத் தூக்கும் முன்பே போனில் பாட்டு ஆப்பைத் திறந்து முதல் பத்துப் பாட்டு எவை என்று பார்த்துக்கொள்வேன்.

அன்றைக்கு முதல் பாட்டாக அது இருந்தது. படத்தின் பெயருக்குக் கீழே பொடி எழுத்தில் ஏழு பேர் பெயர்கள். ஐந்தாவது பெயர் அவளுடையது. நான் ஷட்டர் கொக்கியைக் கையில் பிடித்தபடி நின்றிருக்கிறேன். முதலாளி வந்து, "என்னம்மா, தெறக்கலையா?" என்று கேட்ட பிறகுதான் கொக்கியைக் கீழே வைத்தேன்.

அவள் என்னைவிடப் பத்து வயது சின்னவள். ஆவூருக்குப் பக்கத்தில் இருக்கிறது எங்கள் ஊர். அப்பா சொந்தமாக ஒரு குட்டியானை வண்டி வைத்திருக்கிறார். காய்கறி, வைக்கோல், பந்தல் சாமான் என்று எது கிடைத்தாலும் ஏற்றிப் போவார். அம்மா ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். நாங்கள் இருவரும் மாதா கோவில் பாடகர் குழுவில் பாடி வளர்ந்தவர்கள். கல்யாணம் ஆகி டவுனுக்கு வந்த பிறகு நான் பாடவில்லை. பாடாதே என்று யாரும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமையும் கடை உண்டு என்பதால் அது தானாக விட்டுப்போயிற்று. அவள் பாடிக்கொண்டே இருந்தாள்.

அது பள்ளிப் பிள்ளைகளைப் பற்றிய படம். மூடப்போகிற ஒரு பள்ளிக்கூடத்தின் பாட்டுக் குழு போட்டிக்குப் போகிறது என்று கதை. படம் முழுக்கப் பாட்டு. பேர் வாங்கிய பாடகர்கள் யாரும் வேண்டாம், பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளே பாடட்டும் என்று இசையமைப்பாளர் முடிவு செய்து, பாடி வீடியோ அனுப்பச் சொல்லியிருந்தார்கள். எங்கள் பாடகர் குழு நடத்துகிறவர் அவளைப் பீடத்துக்கு முன்னால் நிற்க வைத்து, பாடியதைப் போனில் எடுத்து அனுப்பினார். அவள் அப்போது பிளஸ் டூ. எல்லாரும் அதை மறந்துபோன சமயத்தில் அழைப்பு வந்தது. அப்பா வண்டியை நிறுத்திவிட்டு அவளைச் சென்னைக்குக் கூட்டிப் போனார். மூன்று நாள் அங்கே இருந்தார்கள். மூன்று பாட்டுகளில் கூட்டத்தோடு பாடினாள். அதில் ஒரு பாட்டில் மட்டும் நடுவில் நான்கு வரி அவளுக்குத் தனியாகக் கிடைத்தது.

ஊருக்குத் திரும்பும்போது, வீட்டுக்குக்கூடப் போகாமல், பையும் கையுமாக நேரே என் கடைக்குத்தான் வந்தாள். நான் ஒருவருடைய போனுக்குக் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தேன். மூச்சிரைக்கச் சொன்னாள்.

"அக்கா, எனக்குத் தனியா நாலு வரி குடுத்துருக்காங்கக்கா."

"நாலு வரிதானே" என்றேன். தலையை நிமிர்த்தவே இல்லை. கண்ணாடிக்குள் காற்றுக் குமிழி விழுந்துவிடக் கூடாது என்பது என் கவலை என்று அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

"ஆமாக்கா, நாலு வரிதான்" என்றாள் அவள். கொஞ்ச நேரம் நின்றாள். அப்பா படியில் நின்று, "வாத்தா, பஸ்ஸு நிக்குது" என்று கூப்பிட்டதும் போய்விட்டாள்.

எனக்குப் பொறாமை. இப்போது சொல்ல முடிகிறது. பாடகர் குழுவில் தனியாகப் பாடுகிற இடமெல்லாம் ஒரு காலத்தில் என்னுடையது. அதற்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் அவள் போன் செய்தால் 'கடையில கூட்டம்' என்று வைத்துவிடுவேன். பாட்டுப் பதிவில் நடந்ததை எல்லாம் அம்மா வழியாகத்தான் கேட்டேன். தன் நான்கு வரியைப் பாடி முடித்ததும் மைக்கை அணைத்துவிட்டார்கள் என்று நினைத்துச் சிரித்திருக்கிறாள். திட்டப்போகிறார்கள் என்று பயந்திருக்கிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கையை உயர்த்தி, இந்தச் சிரிப்பு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டாராம்.

ஐப்பசி மழையில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. டெங்கு என்றார்கள். அந்த மழையில் எங்கள் பக்கம் நிறையப் பேருக்கு வந்தது, நிறையப் பேர் பிழைத்தார்கள். ஆஸ்பத்திரியில் நான்தான் ராத்தங்கினேன். அப்பா வீட்டிலிருந்து காலையில் போன் செய்து, "இன்னைக்கி எம்புட்டு?" என்று கேட்பார். பிளேட்லெட் எண்ணிக்கையைச் சொல்வேன். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் குறைவாகச் சொன்னேன். ஐந்தாம் நாள் சொல்வதற்கு எண் இல்லை. கல்லறைத் திருநாள் முடிந்து நான்காவது நாள் அது. கல்லறைத் தோட்டத்தில் மற்றவர்கள் வைத்துவிட்டுப் போன பூக்கள்கூட இன்னும் முழுதாகக் காயவில்லை.

முப்பதாம் நாள் பூசை முடிந்து இரண்டு நாள் கழித்து ஒரு போன் வந்தது. நானும் அங்கே இருந்தேன். அவளுடைய போன் அப்பாவிடம் இருந்தது. அதை அணைக்க அவருக்கு மனது வரவில்லை. எடுத்ததும் ஸ்பீக்கரில் ஓர் இளைஞன் குரல். படக் கம்பெனியிலிருந்து பேசினான்.

"பாட்டு வெளியீட்டு விழா வச்சிருக்கோம் சார். பாடுன புள்ளைங்க எல்லாரும் மேடையில பாடணும். பாப்பாகிட்டக் குடுக்குறீங்களா?"

அப்பா என்னைப் பார்த்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"பாப்பா இல்லைங்க தம்பி" என்றார் அப்பா.

"வெளிய போயிருக்காங்களா சார்? நான் அப்புறமா கூப்பிடவா?"

"இல்லைங்க தம்பி. எறந்துபோச்சு. காய்ச்சல்ல."

 அந்தப் பக்கம் யாரோ பேசுவதும் ஒரு கதவு மூடுவதும் கேட்டன. பிறகு அந்தப் பையன், "சார்... சார், நான் கேட்டுட்டுக் கூப்பிடுறேன் சார்" என்று தடுமாறினான். அப்பா அவசரமாகச் சொன்னார்.

"தம்பி, வச்சுறாதீங்க. ஒண்ணே ஒண்ணு. ஆளு இல்லைன்னு அது கொரல எடுத்துறாதீங்க. வேற ஆள வச்சுப் பாட வச்சுறாதீங்க. ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"எடுக்க மாட்டோம் சார்" என்றான் அவன். அழுகிறான் என்று தெரிந்தது. எங்கள் வீட்டில் யாரும் அப்போது அழவில்லை. அம்மா திரும்பிப் போய் அடுப்பைக் குறைத்தாள்.

அந்த வருடம் வீட்டில் கிறிஸ்துமஸ் குடில் கட்டவில்லை. பண்டிகை முடிந்து பொங்கலுக்கு முன்னால் பாட்டு வந்தது. படம் வர இன்னும் நாள் இருந்தது, பாட்டுகள்தான் முதலில். ஏழு பாட்டு. ஒரு வாரத்துக்குள் அதில் ஐந்து பாட்டு முதல் பத்துக்குள் இருந்தன. அவளுக்கு நான்கு வரி கிடைத்த பாட்டு எல்லாவற்றுக்கும் மேலே. பிரிவு உபசார நாளில் பிள்ளைகள் ஒருவரை ஒருவர் கேலி செய்து பாடுகிற மாதிரி ஒரு துள்ளல் பாட்டு அது. அதில் துக்கமாக ஒரு சொல்கூடக் கிடையாது. அவள் நான்கு வரி முடிந்து அந்தச் சிரிப்பு வந்ததும் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து ஓவென்று தொடங்குவார்கள். ஊரில் யார் கேட்டாலும் கால் ஆடும். தெற்கு ராஜ வீதித் துணிக்கடையில், கரும்புச்சாறு வண்டியில், மினி பஸ்ஸில், கல்யாண ஊர்வலத்தில், எங்கே போனாலும் அது. கடையில் ஒரு நாளைக்கு எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அவள் வரி வருவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அந்த நேரத்துக்குக் குனிந்து கீழ்த் தட்டில் எதையாவது தேடுவேன்.

ஊரில் அப்பாவைப் பார்க்கிறவர்களுக்கு முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "ஒங்க மக பாட்டு மொதலா வந்துருக்காமுல்ல" என்று சிரித்துக்கொண்டே தொடங்கி, பாதியில் சிரிப்பை அடக்கி, அவர் தோளைத் தொட்டுவிட்டுப் போவார்கள். அப்பா எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொல்வார். "ஆமா, ஒண்ணுல இருக்கு."

பட்டியலைத் திறந்து பார்க்க அவருக்கு நான்தான் சொல்லிக் கொடுத்தேன். இருந்தாலும் தன் கண்ணை நம்பாமல் தினமும் காலையில் நான் கடை திறக்கிற நேரத்துக்குப் போன் செய்வார். வண்டி ஓடுகிற சத்தம் பின்னால் கேட்கும்.

"இன்னைக்கி எம்புட்டு?"

"ஒண்ணுதாம்ப்பா."

"சரித்தா."

ஆஸ்பத்திரியில் இருந்தபோது கேட்ட அதே கேள்வி, அதே குரல். அவருக்கு அது உறைத்ததா என்று தெரியவில்லை. எனக்கு ஒவ்வொரு நாளும் உறைத்தது. ஆனாலும் 'ஒண்ணு' என்று சொல்லும்போது என் குரலும் கொஞ்சம் நிமிரத்தான் செய்தது.

அம்மா பாட்டைக் கேட்கவில்லை. வீட்டில் போடக் கூடாது என்று சொல்லிவிட்டாள். ஆனால் அவள் வேலை செய்யும் இடம் பள்ளிக்கூடம். மதியம் தட்டேந்தி வரிசையில் நிற்கும் பிள்ளைகள் அதைத்தான் பாடினார்கள். அந்தச் சிரிப்பை யார் சரியாகச் சிரிக்கிறார்கள் என்று அவர்களுக்குள் போட்டி வேறு. ஒரு நாள் சமையல்கார அக்கா கரண்டியை ஓங்கிக்கொண்டு, "அறிவு இருக்காடி ஒங்களுக்கு, யாரு நிக்கிறான்னு பாத்துப் பாடுங்கடி" என்று கத்தியிருக்கிறார். அம்மா, "பாடட்டும் விடுங்க, பச்சப் புள்ளைக, அதுகளுக்கு என்ன தெரியும்" என்று சொல்லிவிட்டுப் பரிமாறியிருக்கிறாள். சாயங்காலம் எனக்குப் போன் செய்தாள். பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"இன்னைக்கி ரெண்டு புள்ளைகளுக்கு முட்ட வைக்காம விட்டுட்டேன்டி. பாத்தரத்துல ரெண்டு மிஞ்சிக் கெடக்கு. எந்தப் புள்ளைகன்னே தெரியல" என்று அழுதாள்.

பாட்டைவிட அந்தச் சிரிப்பு வேகமாகப் பரவியது. அதை மட்டும் தனியே வெட்டி ரீல்ஸ் போட்டார்கள். கீழே விழுகிறவர்கள், பரீட்சையில் தோற்றவர்கள், வேலியில் தலை மாட்டிக்கொண்ட ஒரு ஆடு. எல்லாவற்றுக்கும் முடிவில் என் தங்கை சிரித்தாள். கடைக்கு வந்த ஒரு கல்லூரிப் பெண் புது போன் வாங்கிவிட்டு, மெசேஜ் வந்தால் அந்தச் சிரிப்பு கேட்க வேண்டும் என்றாள். வைத்துக் கொடுத்தேன். சரியாக இருக்கிறதா என்று பார்க்க என் போனிலிருந்து அவளுக்கு ஒரு மெசேஜ் அனுப்பினேன். சிரித்தது.

"யாருன்னு தெரியலக்கா, செமையா சிரிக்கிறால்ல?" என்றாள் அந்தப் பெண்.

"ஆமா" என்றேன். என் தங்கை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அந்தப் பெண்ணின் சந்தோஷம் போய்விடும். பாவம், புது போன்.

அந்தப் பெண் போன பிறகு உள்ளே சரக்கு அறையில் அட்டைப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். முதலாளி வந்து ஸ்பீக்கரை அணைத்தார். "நாளையிலேருந்து நம்ம கடையில வேற பாட்டுப் போட்டுக்கலாம்மா. யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல" என்றார்.

"வேணாம்ணே, ஓடட்டும்" என்றேன். நாங்கள் நிறுத்தினாலும் பக்கத்துக் கடையில் ஓடும். அங்கிருந்து அவள் குரல் அரைகுறையாக வந்து விழுவதைவிட இங்கே முழுதாக இருக்கட்டும் என்று தோன்றியது.

கோடை விடுமுறையில் படம் வந்தது. அம்மா வர மாட்டேன் என்றாள். நானும் அப்பாவும் என் வீட்டுக்காரரும் போனோம். திரையில் அவள் வரிகளுக்கு வாயசைத்தது ஒரு சிவந்த பெண். நன்றாகத்தான் ஆடினாள். சிரிப்பு வந்த இடத்தில் தலையைப் பின்னால் சாய்த்து வாயைத் திறந்தாள். அப்பா இருக்கையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"அது சிரிப்ப எதுக்கு இந்தப் புள்ளைக்குக் குடுத்தாங்க?" என்றார், பக்கத்தில் இருப்பவர்களுக்குக் கேட்கிற மாதிரி.

நான் அவர் கையைப் பிடித்தேன். சற்று நேரம் கழித்து அவரே சொன்னார். "பாவம், அந்தப் புள்ள என்ன பண்ணும்." இடைவேளையில் வெளியே வந்தவர், மறுபடி உள்ளே போகவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன், அதையும் குடிக்கவில்லை.

படம் இரண்டாவது வாரத்தோடு போய்விட்டது. பாட்டு மட்டும் நின்றது. ஆனால் படம் போன பிறகு அதற்கும் பலம் குறைந்தது. வேறு ஒரு பெரிய படத்தின் பாட்டு வந்தது. ஒரு நாள் காலையில் அப்பா கேட்டதும் நான் பட்டியலை இன்னொரு முறை பார்த்தேன்.

"எம்புட்டுத்தா?"

"ரெண்டுப்பா."

"ரெண்டுன்னா கொறஞ்சிருச்சுன்னு அர்த்தமா?"

"கொறஞ்சிருச்சுன்னு இல்லப்பா. இன்னொரு பாட்டு மேல வந்துருச்சு."

அவர் போனை வைக்காமலே வண்டி ஓட்டினார். ஹாரன் சத்தமும் எதிரே வருகிற லாரியின் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. நான்தான் வைத்தேன்.

அடுத்த வாரம் அது நான்கு. பிறகு ஏழு. அப்பா கடைக்கு வந்தார். மற்ற வாடிக்கையாளர்கள் போகும் வரை ஓரமாக நின்றுவிட்டுக் கேட்டார்.

"பழைய போனு ரெண்டு வேணும்த்தா. கேமரா கீமரா ஒண்ணும் வேண்டாம். பாட்டு ஓடுனாப் போதும்."

எதற்கென்று கேட்டேன். வீட்டில் கிடக்கட்டும் என்றார். கொடுத்தேன். இரண்டு வாரத்தில் இன்னும் இரண்டு வாங்கிப் போனார். அதோடு, பார்க்கிற சொந்தக்காரர்களிடம் எல்லாம் பாட்டைப் போடச் சொல்கிறார் என்று என் வீட்டுக்காரர் காதுக்கு வந்தது. காய்கறி மண்டியில் சுமை இறக்குகிறவர்களிடம்கூட, "ஒருக்காப் போட்டு விடுங்கப்பா, கேக்கலைன்னாலும் பரவால்ல, ஓடட்டும்" என்று கேட்டாராம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு ஊருக்குப் போனேன். இயேசுவின் படத்துக்குக் கீழே இருந்த பலகையில் நான்கு போன்களும் வரிசையாகச் சார்ஜில் இருந்தன. அவளுடைய போன் ஐந்தாவது. ஐந்திலும் அந்தப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. சத்தம் மட்டும் இல்லை. அம்மாவுக்காகச் சத்தத்தை முழுதாகக் குறைத்து வைத்திருந்தார். ஐந்து திரையிலும் ஒரு கோடு இடமிருந்து வலமாக மெதுவாக நகர்ந்து, முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து தொடங்கியது.

சாப்பிட உட்கார்ந்தோம். அப்பாவிடம் மெல்லச் சொன்னேன்.

"அப்பா, ஒரே போன்ல திருப்பித் திருப்பி ஓட்டுனா அதக் கணக்குல எடுத்துக்க மாட்டாங்கன்னு சொல்றாங்கப்பா. கோடிக்கணக்குல ஆளுக கேக்குறது. நம்ம அஞ்சு போனு என்ன பண்ணும்?"

"அஞ்சு அஞ்சுதான" என்றார்.

அம்மா ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தவள் பாத்திரத்தை டொக்கென்று வைத்தாள்.

"எத்தன தடவதான் அது கொறையிறத ஒக்காந்து எண்ணுவீங்க? ஆஸ்பத்திரியில எண்ணுனது பத்தாதா? எம்மகளுக்கு நம்பரு போடாதீங்க. போதும். கையெடுத்துக் கும்புடுறேன், போதும்."

அப்பா இலையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் கேட்ட அதே கேள்விதான் என்பது அவருக்கும் தெரிந்துதான் இருந்திருக்கிறது என்று அப்போது புரிந்தது.  அந்த நேரத்தில் எனக்கு என்ன தோன்றியதோ, நானும் ஒன்றைச் சொன்னேன். ஏழெட்டு மாதமாக உள்ளேயே கிடந்தது.

"அவ பாடிட்டு வந்து சொன்னப்ப நான் 'நாலு வரிதானே'ன்னு சொல்லிட்டேம்ப்பா. அப்புறம் அவகிட்ட ஒழுங்காப் பேசவே இல்ல."

"தெரியும்" என்றார் அப்பா. "பஸ்ஸுல சொல்லி அழுதுச்சு."

அவ்வளவுதான். ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.  அம்மா, "மோரு ஊத்திக்க" என்று மட்டும் சொன்னாள். நான் மோர் ஊற்றிச் சாப்பிட்டேன். கீரனூர் வரை பஸ்ஸில் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்து வந்தேன். அவள் அழுதுகொண்டு போன அதே வழி.

பாட்டு பத்துக்கு வெளியே போனது, இருபதுக்கு வெளியே போனது. பட்டியலில் ஐம்பது பாட்டுக்கு மேல் காட்ட மாட்டார்கள். நாற்பத்தேழில் மூன்று நாள் இருந்தது. நான்காம் நாள் விரலால் கடைசி வரை தள்ளிப் பார்த்தேன். இல்லை. அப்பாவின் போனுக்காகக் காத்திருந்தேன், என்ன சொல்வது என்று யோசித்தபடி. அன்றைக்கு அவர் கூப்பிடவில்லை. மறுநாளும் இல்லை. அவரும் பார்த்திருப்பார்.

ஆவணியில் சென்னையிலிருந்து ஒரு பார்சல் வந்தது. ஆல்பம் பெரிய வெற்றி என்று பாடிய பிள்ளைகளுக்கெல்லாம் கேடயம் அனுப்பியிருந்தார்கள். கண்ணாடியில் பொன்னிற எழுத்து. அவள் பெயரில் ஓர் எழுத்து மாறியிருந்தது. திருப்பி அனுப்பிச் சரி செய்யச் சொல்லலாமா என்று கேட்டேன். "வேணாம், பயந்துகிட்டு மறுபடி போன் பண்ணுவான் அந்தப் பையன்" என்றார் அப்பா. அம்மா அதை ஒரு சேலையில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினாள்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து அப்பா நான்கு போன்களையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கடைக்கு எடுத்து வந்தார்.

"யாருக்காச்சும் ஆகும்னா குடுத்துருத்தா. சும்மா கெடக்கு."

பழைய போனை மறுபடி விற்பதற்கு முன்னால் அதில் உள்ளதையெல்லாம் அழித்துச் சுத்தமாக்க வேண்டும். அப்பா டீ குடிக்கப் போன நேரத்தில் ஒவ்வொன்றாகத் திறந்தேன். மூன்றில் அந்த ஒரு பாட்டைத் தவிர வேறு எதுவும் ஓடியதே இல்லை. நான்காவதில் அவர் தேடியவை வரிசையாகக் கிடந்தன. வாயால் சொல்லித் தேடியிருக்கிறார். அவளுடைய பெயர். மறுபடி அவளுடைய பெயர், ஊர்ப் பெயரோடு. பிறகு, 'அவ பாடுன வேற பாட்டு'. பிறகு, 'வேற பாட்டு இருக்கா'. திரையைத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. நான் படித்துக்கொண்டே போனேன். முடிவு வரை படிக்கவில்லை. அப்பா படியேறி வருவது தெரிந்ததும் அழிக்கும் பொத்தானை அழுத்திவிட்டேன். அழித்திருக்க வேண்டாமோ என்று இன்றைக்கும் நினைப்பதுண்டு.

"ஆச்சாத்தா?" என்றார்.

"ஆச்சுப்பா."

அவர் வெறும் பையை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு கிளம்பினார். வண்டியில் பாட்டுப் போட்டுக்கொண்டு போகிற பழக்கம் அவருக்கு இப்போது இல்லை.

இந்த வருடக் கல்லறைத் திருநாளுக்கு ஊருக்குப் போனேன். ஒரு வருடம் ஆக இன்னும் நான்கு நாள் இருந்தது. புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றினோம். காற்று அணைத்துக்கொண்டே இருந்தது. அப்பா குனிந்து கையை வளைத்துப் பிடித்துக்கொண்டார். சாமியார் வந்து தண்ணீர் தெளித்துவிட்டுப் போனார். கூட்டம் குறைந்ததும் அப்பா வண்டியை எடுத்து வரப் போனார். நானும் அம்மாவும் பக்கத்துச் சுவரில் சாய்ந்து நின்றோம்.

"அந்தப் பாட்டு இப்ப இல்லையாமே?" என்றாள் அம்மா.

"லிஸ்ட்லதாம்மா இல்ல. தேடுனா வரும்."

"எப்பவும் வருமா?"

"வரும்."

 அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்கு மட்டும் கேக்குற மாதிரி போடு" என்றாள்.

என் பையிலிருந்து இயர்போனை எடுத்து அவள் காதில் வைத்தேன். ஒன்றை அவளுக்கு, ஒன்றை எனக்கு. அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. நான் ஆயிரம் தடவை கேட்டிருப்பேன், எல்லாம் கடை ஸ்பீக்கரில், பஸ் இரைச்சலில். பாட்டு தொடங்கியது. மற்றப் பிள்ளைகள் பாடினார்கள். தங்கையின் இடம் நெருங்கியதும் என் கை தானாக இயர்போனை எடுக்கப் போனது. அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மேளம் நின்று ஒரு கணம் எல்லாம் அடங்கியது. அப்புறம் அவள் பாடினாள். அம்மா சட்டென்று என்னைப் பார்த்தாள்.

"நிறுத்து. கொஞ்சம் பின்னால தள்ளு."

தள்ளினேன். மேளம் நின்றது.

"இந்தா. கேட்டியா? பாடுறதுக்கு முன்னாடி மூச்சு எடுக்குறாடி."

கேட்டது. இத்தனை மாதத்தில் அது என் காதில் விழுந்ததே இல்லை. சின்னதாக, வாயால் இழுக்கிற ஒரு மூச்சு.

அம்மா இன்னொரு தடவை தள்ளச் சொன்னாள். இன்னொரு தடவை. பாட்டை அதற்கு மேல் போகவிடவில்லை. அந்த இடம் வந்ததும் கையைக் காட்டுவாள், நான் தள்ளுவேன். அப்பா வண்டியைக் கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். எங்களைப் பார்த்துவிட்டு ஹாரன் அடிக்காமல், இன்ஜினை அணைத்துவிட்டு, ஸ்டியரிங் மேல் கையை வைத்துக் காத்திருந்தார்.